வெள்ளை ஊறல்

அட்டையை வெடிப்பின்மேல் வைத்துப் படிக்கிறேன்:
பூச்சியம் தசம் எட்டு மில்லிமீட்டர்.
டர்பன்டைன் மரத்து வளைவு தாண்டியதும் அட்டை போதவில்லை,
ரெண்டு ரூபாய்க் குத்தி நெட்டுக்கு நிற்கிறது.
ஒன்று ஐந்தாகி, ஐந்தும் ஒன்றையொன்று தேடிப் போய்,
யாரோ அவசரத்தில் வரைந்த காணிப் படம்போலக்
கிடக்கிறது மேக்கணக்கு றோட்டு.
ஆறு பேர்ச், ஏழு பேர்ச், மூலைகள், எல்லைகள்.
லயத்துச் சனத்துக்கு உறுதியோடு காணி வந்ததில்லை.
சீமெந்து பிரித்துக் கொடுத்திருக்கிறது.

லொறிதான் குற்றவாளி என்று கந்தோரில் முடிவாகிவிட்டது.
நோட்டீஸ் ஒட்டியாயிற்று:
கொழுந்து லொறி மடுவத்துக்கு மேலே ஏறக் கூடாது.
சூசைமுத்துவின் சம்பளத்தில் மாசா மாசம் ஒரு தொகை.
"பாரம் கூட்டிப் போட்டானாம், மிஸ்"
என்கிறார் தன்னையே மூன்றாம் ஆளாக்கி,
"வளைவில வேகமா ஒடிச்சானாம்."
இப்போது சாக்கு பெண்களின் தலையில் இறங்குகிறது.
இருபத்திரண்டு கிலோ ஈரக் கொழுந்து,
நாற்பது நிமிஷம்,
வெடிப்புகளைப் பார்க்காமலே தாண்டத் தெரிந்த கால்கள்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு துண்டுத் தளம் உண்டு,
மிஞ்சிய கொங்கிறீட்டைக் கொட்டிப் பரப்பியது.
லொறியென்ன, சைக்கிள்கூட அங்கே போனதில்லை.
கித்துள் கருப்பட்டி நிறத்தில் ஒரு நாய் படுக்கும், அவ்வளவுதான்.
அதே வெடிப்பு. அதே காணிப் படம்.
முடிச்சு விழும் இடங்களில் வெள்ளையாய் ஏதோ ஊறி
மேகத்தில் காயாமல் மினுங்குகிறது.
நாயா உடைத்தது?

திலகசிறி துளைக் கருவியை நிறுத்துகிறார்.
முழங்கைக்குக் கொஞ்சம் குறைவாய் ஓர் உருளை வெளியே வருகிறது.
கல்லுக்குக் கல் மை தீட்டியதுபோல் கருவளையம்.
சீமெந்தின் காரம் கல்லின் பளிங்கை அரிக்கிறது.
அரித்தது பிசினாகிறது, பிசின் தண்ணீர் குடிக்கிறது,
குடித்தது பருக்கிறது, பருக்க இடமில்லை.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பிராவில்
மூன்றாவது மருமகளும் வந்தபின் சுவர் என்ன செய்யும்?
ஒரு ராத்திரியும் சத்தம் போடாமல்
ஏழு வருஷம்.

உடைத்த முகத்தில் சோதனைத் திரவம் தெளிக்கிறேன்.
உள்ளே இளஞ்சிவப்பு ஏறுகிறது.
மேல்தோல் மட்டும் ஒரு விரற்கடைக்கு வெளிறிக் கிடக்கிறது,
அதைக் காற்று தின்று முடித்திருக்கிறது.
பள்ளி விட்ட பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள்.
"மிஸ், முழு றோட்டுக்கும் இத அடிப்பீங்களா?"

இந்தக் கல் எந்தக் குவாரி என்று எனக்குத் தெரியும்.
ரிப்பன் வெட்ட நாள் குறித்துவிட்டார்கள்.
கல்லைச் சோதிக்கப் பதினாறு நாள் வேண்டும்.
இருந்தது ஒன்பது.
"திருப்திகரம்" என்ற கட்டத்தில் ஒரு சரி அடையாளம்,
பக்கத்தில்
வேலைக்குச் சேர்ந்து நாலு மாசமான ஒரு கையெழுத்து.
அப்போதெல்லாம் வாலை நீளமாகச் சுழிப்பேன்.

அறிக்கை எழுதுகிறேன்.
காரணம்: பாரம் அல்ல. இரண்டு அடிக்கோடு.
காரணம்: நாலாம் பக்கத்தில் இணைத்துள்ள படிவம்.
சாரதியிடம் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும்.
துளைப்பு அறிக்கையில் எழுதுகிற விஷயமில்லை இது. எழுதினேன்.
பரிகாரம் என்று கையேட்டில் ஒரு வரி இருக்கிறது,
அதையும் பார்த்து எழுதினேன்:
நனையாமல் பார்த்துக்கொள்ளவும்.

லிந்துலையில்.

நுவரெலியா பஸ், கடைசி சீட்டு.
மடியில் பேப்பர் சுற்றிய உருளை, நாலு கிலோ வரும்.
நானுஓயா வருமுன்னே பேப்பர் நனைந்துவிட்டது.
ஜன்னல் மூடித்தான் இருக்கிறது.